எண்ணிக்கையைக் காத்தவர்கள்

வாக்களித்ததோடு குடிமக்களின் கடமை முடிந்துவிடுகிறதா? 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிலிப்பைன்ஸ் மக்கள் இவ்வினாவை நேருக்குநேர் எதிர்கொண்டனர்.

1965 முதல் ஆட்சிசெய்த மார்க்கோஸை எதிர்த்துக் கொரசோன் அக்கினோ தேர்தலில் நின்றார். அச்சுறுத்தலும் வன்முறையும் நிலவிய சூழலில், 'நாம்ஃப்ரல்' என்னும் குடிமக்கள் அமைப்பு இலட்சக்கணக்கான தன்னார்வலர்களைத் திரட்டி வாக்குச்சாவடிகளைக் கண்காணித்தது. கன்னித்துறவியர் கைகோத்து நின்று வாக்குப்பெட்டிகளைக் காத்தனர். அவ்வமைப்பு தனியே தொகுத்த கணக்கில் அக்கினோ முந்தினார். அரசின் கணக்கிலோ மார்க்கோஸ் முந்தினார். ஒரே தேர்தலுக்கு இரு கணக்குகள்!

பிப்ரவரி 9 இரவு, தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் தம் இருக்கைகளை விட்டு எழுந்தனர். தாம் உள்ளிட்ட எண்களும் பலகையில் தோன்றிய எண்களும் பொருந்தவில்லை என்பதே காரணம். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்; அரசியல் மேடை ஏறாதவர்கள். வேலை மட்டுமன்றி உயிரும் போகலாம் என்பதை அறிந்தே வெளிநடந்து, தேவாலயம் ஒன்றில் அடைக்கலம் புகுந்தனர். (இன்று தேர்தல் வரலாற்றில் தலைவர்களின் பெயர்களே முன்னிற்கின்றன, இவர்களையும் நாம் நினைத்தல் தகும்.)

பிப்ரவரி 22 முதல் மணிலாவின் எட்சா பெருஞ்சாலையில் மக்கள் திரண்டனர். பீரங்கி வண்டிகளின் முன் மண்டியிட்டு வேண்டினர். 25ஆம் நாள் இரவு மார்க்கோஸ் குடியரசுத் தலைவர் மாளிகையைவிட்டு வெளியேறினார். 1987இல் ஏற்கப்பட்ட புதிய அரசமைப்பு, குடியரசுத் தலைவர் ஆறாண்டுகள் கொண்ட ஒரே பதவிக்காலம் மட்டுமே வகிக்கலாம் என வரையறுத்தது.