வண்டியின் விதைநெல்: ஒரு வாகனத்தில் இரண்டு பாட்டரிகள்

முன்னுரை

நம் தஞ்சைத் தரணியில் எத்தனை வறட்சி வந்தாலும், உழவர் வீட்டில் ஒரு பங்கு நெல்லை மட்டும் எவரும் தொடமாட்டார்கள். அது விதைநெல். அதைக் குத்திச் சோறாக்கினால் இன்றைய பசி தீரும்; ஆனால் அடுத்த பருவத்தில் நாற்றங்காலில் தெளிக்க ஒரு மணியும் இராது. ஆகவேதான் நம் முன்னோர் சாப்பாட்டு நெல்லைக் குதிரிலும், விதைநெல்லைத் தனியிடத்திலும் வைத்துக் காத்தனர்.

இந்த நீதி மோட்டார் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். வண்டியைக் கிளப்பும் மின்சாரம் விதைநெல். விளக்குக்கும் விசிறிக்கும் செலவாகும் மின்சாரம் சோற்றுநெல். இரண்டையும் ஒரே பாட்டரியில் வைத்தால் என்ன நேரும், தனித்தனியாக வைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இது யாருக்குப் பயன்படும்?

வண்டியையே வீடாகக் கொண்டு சில நாள் தங்குவோர் நம் நாட்டில் முன்பு குறைவு. சினிமா நடிகர்களின் கேரவனைத்தான் நாம் அறிவோம். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபின், இவ்வகை வண்டிகளைப் பற்றிய பேச்சு தென்னாட்டில் பெருகியது. ஆயினும் நமக்கு இன்னும் நெருங்கிய சான்றுகள் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வேனில் வந்து, அந்த வேனின் நிழலிலேயே சமைத்து உண்டு உறங்கும் குடும்பங்கள் எத்தனை! ஊர் ஊராகச் செல்லும் மருத்துவ வண்டிக்கும் இதே தேவை உண்டு.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் பாதிக்கப்பட்டன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் ஒரு மருத்துவ வண்டி ஒரு கிராமத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அதன் விளக்கொளியில்தான் நோயாளியைப் பார்க்க வேண்டும். மருந்து வைத்த குளிர்பெட்டி ஓட வேண்டும். அவசரமென்றால் அதே வண்டி உடனே கிளம்பவும் வேண்டும். விளக்கு பாட்டரியைக் குடித்துவிட்டு, சாவியைத் திருகும்போது “செல்ஃப்” எடுக்காவிட்டால் யார் பொறுப்பு? இரண்டாவது பாட்டரி ஆடம்பரமன்று. ஓர் உயிருக்கும் மருத்துவமனைக்கும் இடையே நிற்கும் காவல்.

பாட்டரி என்பது என்ன?

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் காரீய-அமில சேமக் கலத்தைக் கண்டறிந்தார். இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்த்தகட்டில் காரீயமும், இடையே நீர்த்த கந்தக அமிலமும் உள்ளன. மின்சாரம் எடுக்க எடுக்க, இரு தகடுகளிலும் காரீய சல்ஃபேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் தகடுகள் பழைய நிலைக்கு வருகின்றன. ஒரு கலம் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களை வரிசையாக இணைத்ததே “12 வோல்ட்” பாட்டரி.

இத்துறை நமக்கு அயலானதன்று. தஞ்சைக்குத் தெற்கே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். பாட்டரி பற்றிய ஆராய்ச்சி அங்குத் தொடர்ந்து நடந்து வருகிறது.

ஒரு பாட்டரி ஏன் போதாது?

எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். ஆனால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மட்டுமே. கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒருமுறை வண்டி கிளம்ப ஆகும் மின்னாற்றல், 5 வாட் விளக்கு ஒன்று அரைமணி நேரம் எரிய ஆகும் அளவுதான்! கேட்பது கொஞ்சம், ஆனால் அதை ஒரே மூச்சில் கேட்கிறது. எனவே கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகளைப் பலவாக அடுக்கியிருப்பார்கள். பரப்பு அதிகமாதலின் மின்னோட்டம் வெள்ளமாய்ப் பாயும்.

விளக்கும் விசிறியும் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் கொஞ்சமாக, இரவு முழுவதும் கேட்கும். இந்த வேலைக்கு மெல்லிய தகடு தாங்காது. அதை அடிமட்டம்வரை பலமுறை காலி செய்தால் காரீய சல்ஃபேட் கெட்டியாகி, பாட்டரி சீக்கிரமே வீணாகும். இதற்குத் தடித்த தகடுள்ள பாட்டரி வேண்டும். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பாட்டரி இந்த இனத்தைச் சேர்ந்தது. ஒன்று நூறு கெஜம் ஓடுபவள். மற்றொன்று தலையில் சுமையுடன் பத்து மைல் நடப்பவள். ஒருத்தியின் வேலையை மற்றொருத்தியிடம் கொடுப்பது முறையாகாது.

இரட்டைப் பாட்டரி புதிய எண்ணமுமன்று. 1890-களில் இலண்டன் நகரத்து ஸ்டோன் கம்பெனியார், இரயில் பெட்டியின் அச்சால் சுழலும் டைனமோவையும் இரண்டு பாட்டரிகளையும் கொண்டு பெட்டிக்குள் விளக்கெரித்தனர். வண்டி நிலையத்தில் நின்று டைனமோ சுழலாதபோதும் விளக்கு அணையாமல் எரிந்தது. அவர்களது விளக்கமைப்பு இந்திய இரயில்களிலும் பயன்பட்டது.

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்?

இதற்குத் தேவை ஐந்தாம் வகுப்புக் கணக்கே. ஒவ்வொரு பொருளின் வாட்டையும், அது ஓடும் மணியையும் பெருக்கிக் கூட்டுங்கள். திருவிழாவுக்கு வந்த ஒரு வேனின் ஓர் இரவுச் செலவு இதோ:

5 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 100 வாட்-மணி.
15 வாட் விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 240 வாட்-மணி.
45 வாட் குளிர்பெட்டி, 10 மணியில் பாதி நேரம் ஓடினால்: 225 வாட்-மணி.
கைபேசிகளுக்கு: 35 வாட்-மணி.

ஆக மொத்தம் 600 வாட்-மணி. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர்-மணி. காரீய பாட்டரியில் பாதிக்குமேல் எடுக்காதிருப்பதே நல்லது. ஆகவே 100 ஆம்பியர்-மணி பாட்டரி வேண்டும்.

மறுநாள் இந்த 50-ஐத் திருப்பி வைக்க வேண்டுமே! மின்னூட்டும்போது சிறிது வீணாவதால் 58 என்று கொள்வோம். 20 ஆம்பியர் வீதம் செலுத்தினால் சுமார் 3 மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். அதிலும் நிறையும் தறுவாயில் காரீய பாட்டரி மெல்ல மெல்லத்தான் வாங்கும். எடுப்பது எளிது, நிரப்புவது அரிது என்பதை மறவாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மதகு

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. அது இரண்டு பாட்டரிக்கும் போக வேண்டும். எஞ்சின் நின்றபின், விளக்கின் தேவைக்காக முதல் பாட்டரியிலிருந்து ஒரு துளியும் போகக்கூடாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனத் தண்ணீரைப் பிரித்துவிட மதகுகள் இருப்பதுபோல, இங்கும் ஒரு மதகு வேண்டும். அது மூன்று வகையாக அமையும்.

முதலாவது, கையால் திருப்பும் சுவிட்ச். விலை குறைவு, ஆனால் இரவில் அணைக்க மறந்தால் பயனில்லை.

இரண்டாவது, மின்னழுத்தம் பார்த்து இயங்கும் ரிலே. எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இரு பாட்டரிகளையும் இது இணைக்கும். எஞ்சின் நின்று அழுத்தம் 12.8-க்கு இறங்கியதும் தானே பிரித்துவிடும். மறதிக்கு இடமில்லை.

மூன்றாவது, டிசி-டிசி சார்ஜர் என்னும் கருவி. புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக ஆல்டர்னேட்டரின் அழுத்தம் கூடிக் குறையும். அங்கே ரிலே தடுமாறும். இக்கருவியோ வரும் அழுத்தம் எப்படியிருப்பினும், இரண்டாம் பாட்டரிக்கு ஏற்ற அழுத்தத்தை அளந்து கொடுக்கும். வாழுமிடத்தில் லித்தியம் பாட்டரி வைப்போருக்கு இதுவே ஏற்றது. இல்லையேல் அது அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடலாம்.

ஸ்டார்ட்டர், முன்விளக்கு, ஹாரன் ஆகியவை முதல் பாட்டரியில். உள்விளக்கு, விசிறி, குளிர்பெட்டி ஆகியவை இரண்டாவதில். இந்த எல்லையை எக்காரணத்தாலும் மீறக்கூடாது.

கடைமடைக்கும் நீர் சேர

மேட்டூரில் நிறையத் திறந்தாலும், வாய்க்கால் குறுகியிருந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். வண்டியின் பின்புறம் உள்ள பாட்டரியும் ஒரு கடைமடையே. எஞ்சினிலிருந்து அதுவரை 5 மீட்டர் என்று கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். புறப்பட்ட 14.2 வோல்ட் போய்ச் சேரும்போது 13.3 ஆகிவிடும். அதைக் கொண்டு பாட்டரி ஒழுங்காக நிறையாது; கம்பியும் சூடேறும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.23 வோல்ட் மட்டுமே. பாட்டரி பழுது என்று கடைக்காரரைக் குறை சொல்லுமுன் கம்பியின் தடிமனைப் பாருங்கள்.

ஃபியூஸ் என்னும் காவலாள்

கம்பி உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். ஆதலால் இரு பாட்டரிகளை இணைக்கும் கம்பிக்கு இரு முனையிலும், பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ஒன்று ஏன் போதாது? ஏனெனில் இக்கம்பிக்கு இருபுறமும் மின்சாரம் உண்டு. ஒரு முனையில் மட்டும் அறுந்தால் மறுமுனையிலிருந்து தீ வரும். மேற்சொன்ன 16 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடுவதோ, கம்பியைச் சுற்றிவிடுவதோ தற்கொலைக்குச் சமம்.

பாட்டரியைத் தொடுமுன் பெண்மணிகள் வளையல், மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். இரு முனைகளுக்கிடையே உலோக வளையல் பட்டால் அது கணத்தில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். கழற்றும்போது முதலில் எதிர்முனை. மாட்டும்போது கடைசியில் எதிர்முனை. மின்னூட்டத்தின் முடிவில் ஹைட்ரஜன் வாயு எழும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கலாம். ஆகவே படுக்குமிடத்தில் திறந்த வகைப் பாட்டரி ஆகாது. சீல் செய்த வகையை வைத்து, காற்றோட்டமும் தருவது நலம். 30 கிலோ எடையுள்ள பொருள் திடீர்ப் பிரேக்கில் பறக்காதிருக்க இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கோடை வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். எஞ்சினின் சூடு படாத இடமே ஏற்றது. திறந்த வகையில் நீர் குறைந்தால் வாலை வடிநீரன்றி வேறு நீர் ஊற்றக்கூடாது. அமிலம் மேலே பட்டால் தாமதமின்றி நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் விரையுங்கள்.

வண்டியின் கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று வைத்தால், நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி கிடைக்கும். மேலே கண்ட இரவுச் செலவில் பாதிக்குமேல் அதுவே ஈடுசெய்யும். ஆயினும் ஐப்பசி அடைமழையை நினைத்துக் கணக்கிடுபவளே கெட்டிக்காரி.

முடிவுரை

மாணவியரே! இத்தொழில் ஆண்களுக்கே உரியது என எண்ண வேண்டாம். இதில் தேவைப்படுவது தோள்வலிமையைவிடக் கூட்டலும் பெருக்கலும், பொறுமையும், ஒழுங்குமே. உள்ளதையெல்லாம் இன்றே செலவிடாமல், நாளைக்கு எழுந்து நடக்க வேண்டிய ஆற்றலைத் தனியே காத்து வைப்பது இல்லத்தரசிகள் என்றோ அறிந்த கலை. வண்டியும் அதையே நம்மிடம் கேட்கிறது.

செய்து பார்க்க:

1. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியின் மேல் எழுதியுள்ள ஆம்பியர்-மணியைக் குறித்துக்கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் விளக்கும் விசிறியும் எத்தனை மணி நேரம் ஓடும் எனக் கணக்கிடுக.

2. பெரியவர் ஒருவர் துணையுடன், சில மணி நேரம் ஓடாது நின்ற வண்டியின் பாட்டரியை மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் விதைநெல்லில் கைவைத்தாயிற்று என்று பொருள். உடனே மின்னூட்டச் சொல்லுங்கள்.