கைவிடப்பட்ட விமானமும் பற்றுரிமைச் சட்டமும்

லாலாகுடாவில் 1893-ஆம் ஆண்டு முதல் இரயில் பெட்டிப் பணிமனை இயங்கி வருகிறது. அங்கு ஒரு பெட்டி பழுதடைந்து பயனற்றதாகிவிட்டால், அதைக் கழித்துக்கட்டுவதில் சட்டச் சிக்கல் அதிகம் எழுவதில்லை. பெட்டியும் தண்டவாளமும் நிலமும் இரயில்வேக்கே உரியவை. ஆனால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டை போன்ற ஒரு விமான நிலையத்தில் விமானம் ஒன்று கேட்பாரற்று நின்றால் நிலைமை வேறு. நிலம் ஒருவருடையது, விமானம் மற்றொருவருடையது, அதை வாங்கப் பணம் கொடுத்தவர் மூன்றாமவர். இம்மூவரின் உரிமைகளையும் சட்டம் எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்பதைக் காண்போம்.

உரிமையாளர் யார்?

ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அது பதிவு பெற்ற நாட்டின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். இந்திய விமானங்களுக்கு ‘விடி’ என்பது அக்குறியீடு. உள்நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பதிவேட்டைக் கொண்டு உரிமையாளரை அறியலாம். எனினும், பதிவேட்டிலுள்ள நிறுவனமே மறைந்துபோவதும் உண்டு. 2015 டிசம்பரில் கோலாலம்பூர் விமான நிலையம், அங்கு நின்ற மூன்று போயிங் 747 விமானங்களின் உரிமையாளரைத் தேடி நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டது. பதினான்கு நாள்களுக்குள் எவரும் வாராவிடில் விமானங்கள் விற்கப்படும் என்று அதில் எச்சரித்திருந்தது.

பிடித்து வைத்தல் வேறு, விற்றல் வேறு

விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் வசூலிக்கலாம். இந்திய விமான நிலைய ஆணையத்திற்கு இவ்வுரிமையை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு வழங்குகிறது. கட்டணம் செலுத்தப்படாதபோது பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கும் உரிமையே ‘பற்றுரிமை’.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 171-ஆம் பிரிவு, பொதுப் பற்றுரிமையை வங்கிகள், துறைமேடை நடத்துவோர் உள்ளிட்ட சிலருக்கே அளிக்கிறது. அப்பட்டியலில் விமான நிலையம் இல்லை. ஆகவே, அதன் உரிமை தனி ஒப்பந்தத்திலிருந்தோ வேறு சட்டத்திலிருந்தோதான் பிறக்க வேண்டும். பற்றுரிமை இருந்தாலும் அதுவே விற்கும் உரிமை ஆகிவிடாது.

பிரிட்டன் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. 1982-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவின்படி, பிடித்து வைத்த விமானத்திற்கான நிலுவை 56 நாள்களுக்குள் செலுத்தப்படாவிடில், நீதிமன்ற அனுமதியுடன் அதை விற்கலாம். மிஞ்சும் தொகை உரியவருக்கே சேரும்.

தாமதத்தின் விலை

கிங்ஃபிஷர் நிறுவனத்தின் சேவை 2012-இல் நின்றது. அதன் தலைவர் பயன்படுத்திய ஏர்பஸ் விமானத்தைச் சேவை வரித் துறை 2013-இல் பறிமுதல் செய்தது. மும்பை விமான நிலையத்தில் அது ஆண்டுக்கணக்கில் இடத்தை அடைத்து நின்றது. 2016-இல் குறைந்தபட்ச விலை ₹152 கோடி என்று ஏலம் அறிவிக்கப்பட்டது, விற்கவில்லை. மேலும் சில ஏலங்களுக்குப் பின், 2018-இல் சுமார் ₹34.8 கோடிக்கே விலை போயிற்று. இதனிடையே ஊழியர்கள் ஊதிய நிலுவைக்காகக் காத்திருந்தனர்; 17 வங்கிகள் கடனை மீட்க வழக்காடின.

நொடிப்புச் சட்டத்தின் தடைக்காலமும் தாமதத்திற்கு ஒரு காரணம். 2023 மே மாதம் பறப்பதை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் நிறுவனத்தின் 54 விமானங்களின் பதிவை நீக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2024 ஏப்ரலில்தான். 2008-இல் இந்தியா இணைந்த கேப் டவுன் உடன்படிக்கைக்கு முழுச் சட்ட வலிமை அளிக்க 2025-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குத்தகைக்கு விட்டவர் விமானத்தை விரைந்து மீட்க இது வழி செய்கிறது.

நமக்கான பாடம்

அளவு சிறியதாயினும் இந்நெறிகள் நம் வாழ்விலும் உண்டு. வண்டியைப் பழுதுபார்த்தவர், தம் கூலி கிடைக்கும்வரை அதை நிறுத்தி வைக்கலாம். தாமாகவே விற்றுவிட இயலாது. கடனில் வாங்கிய வண்டியில் வங்கிக்கும் உரிமை உண்டு. அது ஓடாமல் நின்றாலும் தவணையும் வட்டியும் நிற்பதில்லை. அதன் மதிப்போ நாளுக்கு நாள் தேய்கிறது. எனவே, தவணை செலுத்த இயலாத நிலை வருமெனத் தோன்றும்போதே கிளை மேலாளரை அணுகுங்கள். பொருளுக்கு மதிப்பு இருக்கும்போது எடுக்கும் முடிவே இரு தரப்பினருக்கும் இழப்பைக் குறைக்கும்.