நாளின் ஒழுங்கு முதலில், மனம் பிறகு

யாழ்ப்பாணத்தில் மனம் நொந்தவர்கள் அதை மனத்தின் பெயரால் சொல்வது குறைவு. "தலையிடி விடுகுதில்லை", "நெஞ்சு அடைக்குது", "கை கால் உளையுது", "நித்திரையில்லை, ஒரே யோசினை" என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கதைக்கும்போது இடையிடையே ஒரு பெருமூச்சு வரும். போர்க்காலத்தில் இங்கே பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அந்தப் பெருமூச்சையும் எங்கள் மக்களின் உளத்துயரின் ஓர் அடையாளமாக எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் உடம்பு நோவென்று சொன்னால் "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டி இரத்தச்சோகை, சீனி வருத்தம், தைரொயிட் போன்றவை இல்லையென்று உறுதி செய்யுங்கள். இவையே சோர்வையும் நித்திரைக் குழப்பத்தையும் கொண்டுவரக்கூடியவை. சோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அந்த நோ பொய்யாகிவிடாது. அப்போதுதான் அந்த மனிதருக்கு அண்மையில் என்ன நடந்தது, எது கைவிட்டுப் போனது என்று பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

எங்கள் தலைமுறைகள் கண்ட இறக்கங்களுக்குக் குறைவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். 2004 மார்கழியில் கடல் வடமராட்சிக் கரைக் கிராமங்களைக் கொண்டுபோனது. 2009இல் வன்னியில் போர் முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும். 2022இல் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தோட்டக்காரன் மிசின் இறைக்க முடியாமலும் கடற்தொழிலாளி படகை எடுக்க முடியாமலும் நின்றான். இவ்வளவுக்கும் பிறகு மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள்?

போர் முடிந்து சில மாதங்களில், 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த அதன் முடிவுப்படி, மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், மனப்பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் பதற்றம் 48.5, சோர்வு 41.8 சதவீதம். நான் இதில் இரண்டு விடயங்களைப் பார்க்கிறேன். அவ்வளவு பட்ட பிறகும் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் மனச்சோர்வுக்குள் விழவில்லை. சொந்த வீடும் வளவும் அயலும் வழக்கமான நாளும் இன்னும் திரும்பக் கிடைக்காதவர்களிடம் நோய் கூடுதலாக இருந்தது. எதைக் கட்டியெழுப்பினால் மனம் தேறும் என்பதற்கு இதைவிட நல்ல துப்பு எனக்குத் தெரியவில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு மகிழ்ச்சியைப் பற்றி நான் முதலில் கதைப்பதில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், எப்போது குளிக்கிறீர்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எப்போது படலையைத் தாண்டி வெளியே போனீர்கள் என்றுதான் கேட்பேன். மனம் உடைந்தவரின் நாள் முதலில் குலையும். விடிய நாலு மணிக்கு முழிப்பு. பிறகு ஒன்பது மணிவரை படுக்கை. தேத்தண்ணீரோடு காலைச் சாப்பாடு போய்விடும். குளிப்பு ஒருநாள் விட்டு ஒருநாளாகும். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போக மனமிருக்காது. "மனம் சரியானால் எல்லாம் செய்வன்" என்பார்கள். அந்த நாளுக்குக் காத்திருந்தால் அது தள்ளித் தள்ளித்தான் போகும். தோட்டத்தில் மிசின் இறைக்கத் தொடங்குமுன் குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறோமே, அதுபோல உற்சாகம் வருமுன்னே செயலை ஊற்ற வேண்டியிருக்கிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் உலகெங்கும் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று இதுதான்: மனநிலை எப்படியிருந்தாலும் குறித்த நேரத்தில் குறித்த சிறு வேலையைச் செய்வது.

சிறு வேலை என்றால் உண்மையாகவே சிறியதாக இருக்கட்டும். ஒரு தொடக்கமும் முடிவும் அதற்கு இருக்க வேண்டும். முற்றம் கூட்டுவது, கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் மூன்று சாமான் வாங்கிவருவது. முதல் வாரம் ஒரே நேரத்துக்கு எழும்புவதும் ஒரு வேலையும் போதும். அடுத்த வாரம் மனிதர்களோடு சேர்ந்த ஒன்றைக் கூட்டுங்கள்: சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்ப்பது, பின்னேரம் பிள்ளைகளின் கரப்பந்தாட்டத்தைப் பார்த்து நிற்பது, வெள்ளிக்கிழமை கோயில். பிடித்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை, போய்வந்தால் சரி. மூன்றாம் நான்காம் வாரத்தில் பலர் தாங்களாகவே சொல்லத் தொடங்குவார்கள், இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று.

நித்திரையைப் பற்றிப் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. லண்டனில் வேலை முடித்துச் சாப்பிட்டு இரவு எட்டு மணிக்குப் பிள்ளை கதைக்க எடுத்தால், இங்கே கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. தாய் கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக் காத்திருப்பாள்; கதைத்த பிறகு அங்கத்தைய பிரச்சினைகளை யோசித்து விடியும்வரை முழித்திருப்பாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, ஞாயிறு காலை உங்களுக்கு எட்டு மணியாக இருக்கும்போது எடுங்கள். இங்கே அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருப்பா. நடுச்சாம அழைப்பை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நித்திரைக்காகச் சாராயம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கண்ணை மூடவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், பழகினால் சோர்வையும் கூட்டும்.

நெஞ்சடைப்பும் படபடப்பும் உள்ளவர்களுக்கு மூச்சு உதவும். மூக்கால் நாலு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வயிறு ஏறி இறங்க வேண்டும், தோள் ஏறக்கூடாது. காலையிலும் படுக்கப் போகுமுன்னும் பத்து நிமிடம். இங்கே உளநலப் பணியில் இதை அவரவர் நம்பிக்கையோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள்: சைவர்களுக்கு ஓங்காரமோ ஐந்தெழுத்தோ, கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு திக்ர். சிறுவயதிலிருந்து நாக்குக்குப் பழகிய சொல் உடம்பை விரைவில் அமைதிக்குக் கொண்டுவரும். அந்நியமான தியான முறை ஒன்றைத் தேடிக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் கடன் யோசினைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. நுண்கடன் வாங்கிய பெண்கள் வாரத் தவணைக்காரரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அவர்களிடம் போய் மனத்தை அமைதியாக வைத்திருங்கள் என்பது இரக்கமில்லாத பேச்சு. ஒரு கொப்பியில் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது என்று எழுதுங்கள். நாங்கள் ஏதும் செய்யக்கூடியது, செய்ய முடியாதது என்று பிரியுங்கள். வட்டி கூடிய கடனை முதலில் முடிக்க வழி பாருங்கள். ஊரில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அங்கே விசாரியுங்கள். முக்கியமாக, அந்தக் கொப்பியை வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள். கணவனுக்குத் தெரியாத கடன், மனைவிக்குத் தெரியாத அடைவு, இவைதான் ஆளை உள்ளே தின்னும்.

இழப்புக்கு வருகிறேன். துக்கத்தைத் தாங்குவதற்கு எங்கள் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு மிகவும் ஆழமானது. செத்த வீட்டில் வாய்விட்டு அழ இடமுண்டு, ஒப்பாரிக்கு இடமுண்டு. அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடல், கல்வெட்டு, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு கால ஒழுங்கு இருக்கிறது. தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி என்று வருடந்தோறும் ஊரோடு சேர்ந்து நினைக்க நாள் வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விடுமுறை முடியுமுன் எல்லாவற்றையும் சுருக்கச் சொல்வதைக் காண்கிறேன். அவர்களின் நெருக்கடி விளங்குகிறது. ஆனாலும் வீட்டில் தனியாக மிஞ்சப்போகும் தாயிடமோ தந்தையிடமோ கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்த 31 நாளும் அவருக்குத்தான் தேவை.

அயலவர்களுக்கு நான் சொல்வது வேறு. அந்தியேட்டி முடிந்ததும் வீடு திடீரென்று வெறுமையாகும். வாடகைக் கதிரைகள் போய்விடும், உறவினர் போய்விடுவார்கள். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்கும். 32ஆம் நாள் போங்கள், 50ஆம் நாளும் போங்கள். "மனதைத் தேற்றுங்கோ" என்று புத்தி சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி தூண்டவும் வேண்டாம். பேரிடர் நடந்த உடனே ஆட்களை இருத்தி எல்லாவற்றையும் கட்டாயமாகச் சொல்லவைப்பது பயனற்றது என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அவர் கதைத்தால் கேளுங்கள். கதைக்காவிட்டால் கூட இருந்து மரக்கறி வெட்டிக் கொடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. உடலில்லை, சடங்கில்லை, திகதியில்லை. இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் போலின் பொஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இத்தகையவர்களை ஒரு முடிவுக்கு வரும்படி நெருக்கக்கூடாது என்பது அவருடைய உறுதியான கருத்து. "அவர் வரமாட்டார், திவசத்தைச் செய்யுங்கோ" என்று உறவினர் சொல்வதும், "கட்டாயம் வருவார்" என்று சாத்திரக்காரர் காசு வாங்கிக்கொண்டு சொல்வதும் ஒரே மாதிரியான கொடுமை. வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்க்கவும், தொழில் செய்யவும், சிரிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கோயில் திருவிழாவுக்குப் பட்டுச்சேலை கட்டிப்போன பெண்ணைப் பார்த்துக் கதை கட்டுகிறவர்கள் வாயை மூட வேண்டும். 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தை நான் நோயாகப் பார்க்கவில்லை. உண்மையைக் கேட்பது நலமான மனத்தின் வேலை. ஒரே துயரம் உள்ளவர்கள் ஒரு கொட்டகையில் சேர்ந்திருப்பதும் பெரிய ஆறுதல்.

ஏற்றக் காலத்துக்கும் கவனம் வேண்டும். வெளிநாட்டுக் காசு வந்து, வீடு மாடியாகி, மகனுக்கு விசாவும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். புதிய வசதிக்கு மனம் சில மாதங்களிலேயே பழகிவிடுகிறது. பிறகு அடுத்த வீட்டு மாடி கண்ணில் குத்தத் தொடங்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வொன்று ஆட்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்தது. முதுமையில் நலமாக இருந்தவர்களிடம் பணத்தையும் புகழையும் விட நெருக்கமான உறவுகளே கூடுதலாகத் துணைநின்றதை அது கண்டது. முன்பு எங்கள் கிடுகு வேலிகளில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் கறியும் கதையும் அடுத்த வளவுக்குப் போய்வந்தன. வருத்தம் வந்தால் அயல் அறிந்தது அதற்குள்ளால்தான். இப்போது ஆறடி மதில் எழும்புகிறது. உள்ளே கமராவோடு ஒரு முதியவர் தனியே இருக்கிறார். மதில் கட்டுகிறவர்கள் அயல் வளவுப் பக்கம் ஒரு சின்னக் கதவு விடுங்கள். மாதாமாதம் அனுப்பும் காசை விட உங்கள் பெற்றோரின் ஆயுளுக்கு அது உதவும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை, சாப்பாடு, வேலை மூன்றும் குலைந்திருந்தால் உளமருத்துவரிடம் போக வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் ஆகியவற்றில் உளநலச் சிகிச்சை காசில்லாமல் கிடைக்கிறது. உளவளத்துணைக்கு 1987 முதல் இயங்கும் சாந்திகமும் இருக்கிறது. அங்கே போனால் "விசர்" என்ற பெயர் வரும் என்ற பயத்தால் காலம் கடத்தி, நோய் முற்றியபின் வந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

"நான் இருந்து என்ன" என்று ஒருவர் சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மறைத்த பாரம் இறங்கும். தோட்டக்கார வீடுகளில் பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்தி வேறொருவர் வீட்டில் பூட்டிவையுங்கள். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின் பத்தாண்டில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிரைக் காத்திருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அவரைத் தனியே விடாதீர்கள். கிளினிக்குக்கும் தனியே அனுப்பாதீர்கள். வீட்டில் யாரோ ஒருவர் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூடப் போங்கள்.