மறுக்கலாம், இழுத்தடிக்கக் கூடாது

என் சிறுநீரகம் ஒன்று இப்போது என் வீட்டுக்காரர் உடம்பில் வேலை செய்கிறது. படப்பையில் இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும், "ஆபரேஷனுக்குப் பயமா இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆபரேஷன் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் சொந்தக்காரர் வாக்கை நம்பி வீணாய்ப் போன மாதங்களைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்தவர், பிபி மாத்திரையை விட்டுவிட்டார். கால் வீங்கியது, கிரியேட்டினின் ஏறியது, கையில் ஃபிஸ்டுலா போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் ஒரே கதைதான்.

அப்போது அவருடைய அண்ணன், "தம்பிக்கு நான் குடுக்காம வேற யார் குடுப்பா?" என்று ஊரறியச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையோடு எல்லா முயற்சியும் நின்றது. எனக்கும் டெஸ்ட் எடுக்கட்டும் என்றேன். "நீ பிள்ளைங்களைப் பாரும்மா, கூடப் பொறந்த ரத்தம்தான் சேரும்" என்றார் மாமியார். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான பட்டியலில் பதிந்து வையுங்கள் என்று டயாலிசிஸ் நர்ஸ் சொன்னபோதும், அண்ணன் இருக்க அது எதற்கு என்றார்கள். அண்ணனோ முதலில் ஆடி போகட்டும் என்றார். பிறகு மகள் காதுகுத்து முடியட்டும் என்றார். கடைசியில் போனையே எடுக்கவில்லை. ஓரகத்திக்கு இஷ்டமில்லை என்று மூன்றாம் மனிதர் வழியாகத்தான் தெரிந்தது.

அண்ணன் பயந்தது குற்றமில்லை. அவர் உடம்பு, அவர் முடிவு. முதல் வாரமே "என்னால் முடியாது" என்றிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அந்த இடைவெளியில் இவருக்கு ஹீமோகுளோபின் இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி, யாருடைய சிறுநீரகமும் பொருந்துவது கஷ்டமாகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அன்றே யாரையும் கேட்காமல் என் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நான் ஓ பாசிட்டிவ், என் வீட்டுக்காரர் பி பாசிட்டிவ்; பிரிவு பொருந்தியது. கிராஸ்மேட்ச்சும் சரியாக வந்தது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் மனைவியையும் நெருங்கிய உறவு என்றுதான் சொல்கிறது. கூடப் பிறந்தவர்தான் தர வேண்டும் என்பது வீட்டுப் பேச்சு.

அதனால் நான் சொல்வது இது. வீட்டில் யார் தருகிறேன் என்றாலும், உறுப்பு மாற்று வசதியுள்ள மருத்துவமனை மூலம் பட்டியலில் உடனே பதிந்துவிடுங்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் முன்வந்தன. 2023 முதல் அப்படி இறந்து உறுப்பு தந்தவர்களை அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். யாரோ ஒரு தாய் தகப்பன் அந்தத் துக்கத்திலும் கொடுக்கிறார்கள்; பட்டியலில் நம் பெயரே இல்லையென்றால் அது நமக்கு எப்படி வரும்?

காத்திருக்கிற வீட்டைத்தான் புரோக்கரும் தேடி வருவார். எங்களிடமும் ஒருவர் "ஆள் இருக்கு" என்று வந்தார், வாசலோடு அனுப்பினேன். ஒரு காலத்தில் சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்றார்கள். 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற கதை வெளிவந்தது. கடனில் மூழ்கியவளின் வயிற்றைக் கிழித்து என் தாலியைக் காப்பாற்ற எனக்கு மனம் வராது. சட்டமும் விடாது: 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 20 லட்சம் அபராதம்.

பணத்தில் நம்மைப் போன்ற கம்பெனிக் குடும்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கோ ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெர்மனென்ட் ஆன சந்தோஷத்தில் எங்களுக்கு இது உறைக்கவில்லை. கம்பெனி இன்சூரன்ஸ் ஆபரேஷனோடு தீர்ந்தது, மீதிக்கு என் நகை போனது. டாக்ரோலிமஸ் மாத்திரை ஆயுசு முழுக்க வேண்டும். காசு மிச்சமாகட்டும் என்று வேளை தவறினால் வைத்த சிறுநீரகமே போய்விடும். மாத்திரைக்கு மாதாமாதம் எங்கிருந்து பணம் என்று முடிவு செய்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள்.

கொடுக்கிறவளையும் கவனியுங்கள். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 2023 முதல் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு. கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்த்த எனக்கு ஒரு நாள்கூட இல்லை, வேலையும் போனது. கொடுப்பவரின் சம்பள இழப்பை ஈடுகட்டுவது விற்பனை ஆகாது என்று அந்த உறுப்பு மாற்றுச் சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள். கொடுத்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பிபி, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெரும்பாலானோர் பெண்கள், வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மனைவி கொடுத்தால் கடமை என்கிறார்கள், அண்ணன் கொடுக்கிறேன் என்று சொன்னாலே தியாகம் என்கிறார்கள். நான் கடமைக்காகக் கொடுக்கவில்லை, விரும்பிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் "நான் தர்றேன்" என்றால், அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். வர மறுத்தால் சண்டை போடாமல் அடுத்தவருக்கு டெஸ்ட் எடுங்கள். அந்த அடுத்தவர் மருமகளாக இருந்தால், அவள் வாயை மட்டும் அடைக்காதீர்கள்.