ஆலை மாறும், அறிவு மாறாது



எங்கள் பழைய செல்போனுக்குக் கம்பெனி புது மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, சிங்காரத்தோப்பில் மாமா கடைக்குப் போனேன்.

"தூக்கிப் போட்டுடலாமா மாமா?"

"பொறுடா!"

ஆண்ட்ராய்டின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதைத் திருத்தி, ஆர்வலர்கள் 2009-ல் சயனோஜென்மாட் உருவாக்கினார்கள். 2016-ல் அது நின்றதும் லினியேஜ்ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். மாமா முதலில் படங்களைப் பிரதி எடுத்தார். பிறகு 'பூட்லோடர்' பூட்டைத் திறந்தார். அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிஞ்சிடும்! அந்த மென்பொருளை ஏற்றினார். போன் பிழைச்சுக்கிச்சு!

பின்மூடியில் 'சீனத் தயாரிப்பு' என்றிருந்தது. "நம்ம பக்கம் போன் செய்ய மாட்டாங்களா?" என்றேன்.

"2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல பின்லாந்து நோக்கியா ஆலை வந்துச்சு. 2014-ல மூடிட்டாங்க. பல ஆயிரம் பேருக்கு வேலை போச்சு. இப்போ அந்தப் பக்கமே தைவானோட ஃபாக்ஸ்கான், அமெரிக்க ஐபோனைச் செய்யுது. ஆலை வரும், போகும். கத்துக்கிட்டது போகாதுடா."

நண்பர்களே, அடுத்த போனை வடிவமைக்கப் போவது நாமாக இருக்கக் கூடாதா?

எச்சரிக்கை: அப்பா போனில் முயற்சி செய்யாதீங்க!

– பத்தாம் வகுப்பு மாணவன்