சுற்றுலாக் கையேடுகளின் தெரிவும் தரமதிப்பீடும்

ஓர் ஊரில் காணத்தக்கவை எவை, தங்கத்தக்க இடம் எது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கூறுவதே சுற்றுலாக் கையேட்டின் முதற்பணியாகும். பயணி அவ்விடத்தை முன்பு கண்டதில்லை. நேரில் சோதித்து அறியும் அவகாசமும் அவனுக்கு இல்லை. ஆகவே பிறர் கண்டு கூறிய முடிவை நம்பியே பணத்தையும் நாட்களையும் செலவிடுகிறான். அந்த முடிவு பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களாகச் சுருக்கப்பட்டு அவன் கைக்கு வருகிறது.

இச்சுருக்கத்தின் விளைவு பயணியோடு நிற்பதில்லை. கையேட்டில் இடம் பெற்ற ஊருக்குப் பேருந்து வருகிறது, விடுதி எழுகிறது, வேலைவாய்ப்புப் பெருகுகிறது. இடம் பெறாத ஊர், அதே அளவு சிறப்புடையதாயினும், ஒதுங்கியே இருந்துவிடுகிறது. எனவே தெரிவும் தரமதிப்பீடும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை அறிவது சுற்றுலா பயிலும் மாணவர்க்கும், திட்டமிடும் அலுவலர்க்கும் இன்றியமையாததாகும்.

பட்டியலிலிருந்து தரக்குறிக்கு

காணத்தக்க இடங்களைப் பட்டியலிடும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. நான்கு தாமங்கள், 12 சோதிலிங்கங்கள், 108 திவ்விய தேசங்கள் ஆகியவை அனைத்தும் பட்டியல்களே. திவ்விய தேசங்களின் தெரிவுக்கு அளவுகோல் வெளிப்படையானது: ஆழ்வார்களின் பாசுரம் பெற்ற தலமே அப்பட்டியலில் சேரும். ஆனால் இப்பட்டியல்கள் ஒரு தலத்தை மற்றொன்றைவிட ஒரு படி உயர்ந்ததென்று மதிப்பெண் இடுவதில்லை. சேர்ப்பது உண்டு, தரம் பிரிப்பது இல்லை.

தரம் பிரிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளர்ந்தது. மரியானா ஸ்டார்க் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, கலைப்பொருட்களின் சிறப்பைக் காட்ட வியப்புக்குறிகளைப் பயன்படுத்தினார். அவர் நூல்களை வெளியிட்ட மர்ரே நிறுவனம் 1836இல் தன் கைநூல் வரிசையைத் தொடங்கிற்று. ஜெர்மனியில் கார்ல் பெடெக்கர் 1840களில் சிறந்த காட்சிகளுக்கு நட்சத்திரக் குறி இட்டார். மோட்டார் வாகன டயர் உற்பத்தி செய்த பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1900இல் தன் கையேட்டை வாகன ஓட்டிகளுக்கு இலவசமாக வழங்கியது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் அளிக்கத் தொடங்கி, 1931இல் அதனை மூன்று படிகளாக விரித்தது. அவற்றின் பொருளை 1936இல் வெளியிட்டது.

மிச்செலின் வகுத்த பொருள் நோக்கத்தக்கது. மூன்று நட்சத்திரம் என்றால் அதற்கென்றே ஒரு பயணம் மேற்கொள்ளலாம். இரண்டு என்றால் வழியிலிருந்து சற்று விலகிச் செல்லலாம். அதாவது, நட்சத்திரம் சுவையைப் புகழும் சொல்லாக மட்டுமின்றி, எவ்வளவு தொலைவு பயணம் செய்யலாம் என்பதற்கான அறிவுரையாகவும் அமைந்தது. டயர் விற்கும் நிறுவனத்திற்கு மக்கள் மேன்மேலும் பயணம் செய்வதில் நலன் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. தரமதிப்பீடு செய்வோரின் தொழில் நோக்கம் மதிப்பீட்டின் வடிவத்தையே தீர்மானிக்கக் கூடும்.

காட்சியிடங்கள் தெரிவு பெறும் முறை

காட்சியிடத்தைத் தெரிவு செய்கையில் பொதுவாக நான்கு கூறுகள் கருதப்படுகின்றன: தொன்மையும் கலைச்சிறப்பும், அரிய தன்மை, சென்று சேரும் வசதி, வாசகரின் விருப்பம். முதலிரண்டும் இடத்தைச் சார்ந்தவை; பின்னிரண்டும் சார்ந்தவையல்ல. இருப்பினும் நடைமுறையில் பின்னிரண்டே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய மர்ரேயின் இந்தியக் கைநூல் 1859இல் சென்னை, பம்பாய் மாகாணங்களைப் பற்றிய இரு பகுதிகளாக வெளிவந்தது. பின்னர் இந்தியா முழுவதற்குமான ஒரே நூலாகி, 20ஆம் நூற்றாண்டிலும் பல பதிப்புகளைக் கண்டது. அந்நூல் வழித்தடங்களை அடிப்படையாகக் கொண்டது. இருப்புப்பாதை சென்ற இடங்கள் விரிவாக இடம் பெற்றன. 1857 கிளர்ச்சியோடு தொடர்புடைய லக்னோ, கான்பூர் இடங்கள், ஆங்கில வாசகர் காண விரும்பியவையாதலால், மிகுந்த கவனம் பெற்றன. தங்குவதற்குத் தபால் பங்களாக்கள் குறிக்கப்பட்டன. நாட்டு மக்கள் தங்கிய சத்திரங்களும் தருமசாலைகளும் அந்த வாசகர்க்கு உரியவையாகக் கருதப்படவில்லை. அந்நூல் பொய் கூறியது என்பதன்று. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்தம் கண்ணால் நாட்டைக் கண்டது.

இக்காலத்தில் உலகப் பாரம்பரியப் பட்டியல் மிகுந்த செல்வாக்குடையது. 1972இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 1977இல் ஏற்றது. 1983இல் அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால் ஆகிய நான்கும் நம் நாட்டின் முதல் இடங்களாகப் பட்டியலில் சேர்ந்தன. இங்குத் தெரிவுமுறை எழுத்து வடிவில் உள்ளது. உறுப்பு நாடே முன்மொழிய வேண்டும். பத்து அளவைகளுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். வல்லுநர் அமைப்புகள் ஆராய்ந்து கருத்துரைத்த பின் 21 நாடுகளைக் கொண்ட குழு முடிவு செய்யும். சேர்த்த பின்னும் கண்காணிப்பு உண்டு. 1986இல் சேர்க்கப்பட்ட ஹம்பி, அருகே பாலம் கட்டும் பணி எழுப்பிய அச்சத்தால் 1999இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, 2006இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. தரம் என்பது ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் பட்டமன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் இப்பட்டியல் சுற்றுலாக் கையேடாகத் தொகுக்கப்பட்டதன்று. அதன் நோக்கம் பாதுகாப்பு. பயண நூல்களும் விளம்பரங்களும் அதனைத் தரக்குறியாக மாற்றிவிட்டன. விளைவு வெளிப்படை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600க்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் உள்ளன. அவற்றுள் நுழைவுக் கட்டணம் பெறும் அளவுக்குப் பார்வையாளரை ஈர்ப்பவை மிகச் சிறு பகுதியே. தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்னும் முக்கோணத்தில் கூட்டம் நெருக்க, பிற மாவட்டங்களின் கோட்டைகளும் கோயில்களும் பார்ப்பாரற்றுக் கிடக்கின்றன. நெருக்கம் ஒருபுறமும் புறக்கணிப்பு மறுபுறமும் ஆகிய இவ்விரண்டும் ஒரே பட்டியலின் இரு பக்கங்களே.

விடுதிகளின் வகைப்பாடு

காட்சியிடத்தை மதிப்பிடுவதினும் விடுதியை மதிப்பிடுவது எளிது. ஏனெனில் அறையின் பரப்பு, குளியலறை, வெந்நீர், தீத்தடுப்பு ஆகியவற்றை அளந்து பார்க்கலாம். சுதந்திர இந்தியாவில் 1957இல் அமைக்கப்பட்ட விடுதித் தரம் மற்றும் கட்டண அமைப்புக் குழு இத்துறையை ஆராய்ந்து, நட்சத்திர முறையில் வகைப்படுத்தப் பரிந்துரை செய்தது. இன்று மைய அரசின் சுற்றுலா அமைச்சகம், விடுதிகள் மற்றும் உணவகங்கள் ஒப்புதல், வகைப்பாட்டுக் குழுவின் வாயிலாக இப்பணியை ஆற்றுகிறது. ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் வரை படிகள் உள்ளன. பழைய கோட்டைகள், அரண்மனைகள், ஹவேலிகள் ஆகியவற்றில் இயங்குவனவற்றுக்கு மரபு விடுதி என்னும் தனி வகை உண்டு. 1950க்கு முற்பட்ட கட்டடமாயிருத்தல் அதன் அடிப்படைத் தேவை. வீட்டு உரிமையாளர் தம் இல்லத்திலேயே ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு அளிக்கும் திட்டத்தில் வெள்ளி, தங்கம் என்னும் இரு தரங்கள் உள்ளன.

இம்முறையில் மூன்று இயல்புகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, இது விடுதியார் தாமே விரும்பி விண்ணப்பிப்பது. நட்சத்திரம் இல்லாத விடுதி தரமற்றது என்று பொருளன்று, விண்ணப்பிக்காததாகவும் இருக்கலாம். இரண்டாவது, நட்சத்திர வகைப்பாட்டிற்குக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். எனவே மிகச் சிறிய விடுதிகள் இவ்வரிசைக்கே வாரா. மூன்றாவது, வகைப்பாடு ஐந்தாண்டுகளுக்கே செல்லும். பின்னர் மறு ஆய்வு தேவை.

அளவைகள் காலந்தோறும் மாறுவனவும் ஆகும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர்ச் சேமிப்பு ஆகியவை வகைப்பாட்டின் கூறுகளாயின. உயர் படிகளுக்கு மதுக்கூடம் இன்றியமையாததா என்னும் கேள்வி நெடுநாள் இருந்தது. 2018ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் நான்கு, ஐந்து நட்சத்திரங்களில் மது உள்ளவை, இல்லாதவை என்று வகை பிரித்தன. எது வசதி, எது தேவை என்பதில் சமுதாயத்தின் கருத்து மாறும்போது அளவுகோலும் மாறுகிறது.

மதிப்பெண்ணும் நிறையும்

பல கூறுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நிறை அளிப்பது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். அ என்னும் விடுதி அறை வசதியில் 10க்கு 9, தூய்மையில் 6, அமைவிடத்தில் 5 பெறுகிறது. ஆ என்னும் விடுதி முறையே 5, 8, 8 பெறுகிறது. வசதிக்கு நூற்றுக்கு 60, ஏனைய இரண்டுக்கும் 20 வீதம் நிறை தந்தால் அ 7.6 பெற்று முந்துகிறது. ஆ பெறுவது 6.2. வசதிக்கு 20, ஏனையவற்றிற்கு 40 வீதம் தந்தாலோ அ 6.2ஆகக் குறைய, ஆ 7.4 பெற்று மேலே செல்கிறது. விடுதிகள் மாறவில்லை, மாறியது நிறை மட்டுமே. அலுவல் நிமித்தம் வருபவருக்கு முதற்கணக்கு பொருந்தலாம். முதியோருடன் கோயிலுக்கு வரும் குடும்பத்திற்கு இரண்டாவதே பொருந்தும். நிறைகளைக் கூறாது எண்ணை மட்டும் கூறும் கையேடு வாசகருக்குப் பாதி உண்மையையே தருகிறது.

சோதிப்பவர் யார், செலவு யாருடையது?

தரமதிப்பீட்டின் நம்பகத்தன்மை இவ்விரு வினாக்களில் அடங்கியுள்ளது. மிச்செலின் ஆய்வாளர்கள் தம்மை வெளிப்படுத்தாமல் உண்டு, தாமே பணம் செலுத்துகின்றனர். 1981இல் இந்தியா பற்றிய முதற்பதிப்பை வெளியிட்ட லோன்லி பிளானட் போன்ற கையேடுகள், நல்லுரைக்கு ஈடாக இலவசங்களைப் பெறுவதில்லை என்பதைக் கொள்கையாக அறிவித்துக்கொண்டன. அரசுக் குழுவோ முன்னறிவிப்புடன் விடுதிக்குச் சென்று, சரிபார்ப்புப் பட்டியலின்படி ஆய்கிறது. இவ்விரு முறைகளுக்கும் பயன் வேறு. மறைவாகச் செல்பவர் அன்றாட உபசரிப்பை அறிகிறார். குழுவாகச் செல்பவரால்தான் சமையற்கூடத்தையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் திறந்து பார்க்க இயலும்.

இணையம் பரவிய பின் மூன்றாவது முறை ஒன்று தோன்றியது. தங்கிச் சென்றவர்களே மதிப்பெண் இடுகின்றனர், சராசரி வெளியிடப்படுகிறது. 10 அறை கூட இல்லாத சிறு விடுதியும் இதனால் வெளியுலகிற்குத் தெரிய வந்தது பெரும் நன்மையே. ஆனால் மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவருமே எழுத முற்படுவர், நடுநிலையினர் பேசாதிருப்பர். 9 பேர் அளித்த 4.9 என்னும் சராசரியும் 900 பேர் அளித்த 4.4 என்னும் சராசரியும் ஒரே உறுதியுடையவை அல்ல. பணம் கொடுத்து எழுதுவிக்கப்படும் பொய்யுரைகளும் உண்டு. இதனைக் கருதியே இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய நுகர்வோர் கருத்துரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநிர்ணயத்தை 2022இல் வெளியிட்டது. கருத்துரைகளைத் திரட்டுதல், ஆய்ந்து சீர்செய்தல், வெளியிடுதல் ஆகிய மூன்று நிலைகளுக்கும் அது நெறி வகுக்கிறது.

நட்சத்திரம் சட்டத்தில் நுழையும்போது

பயணிக்கு வழிகாட்ட ஏற்பட்ட தரக்குறி ஆட்சித்துறையின் கருவியாகவும் ஆகக்கூடும். கேரள மாநிலத்தில் 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு மட்டுமே மதுக்கூட உரிமம் என்று கொள்கை வகுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதனை ஏற்றது. 2017இல் வந்த புதிய கொள்கை மூன்று நட்சத்திரம் முதல் உள்ள விடுதிகளுக்கு அவ்வுரிமையை விரித்தது. அக்கொள்கைகளின் நன்மை தீமை வேறு பொருள். இங்குக் கருதத்தக்கது, அறையையும் உபசரிப்பையும் அளக்க ஏற்பட்ட ஒரு குறி, விடுதியின் வருவாயையும் தொழிலாளர் வாழ்க்கையையும் நிர்ணயிக்கும் வாயிலாக மாறியது என்பதே. அத்தகைய நிலையில் நட்சத்திரத்தை நாடும் நோக்கமே மாறிவிடுகிறது. ஆய்வாளர் மீது அழுத்தம் கூடுகிறது. விருந்தினரின் நலன் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது.

அலுவலர்கள் கருதத்தக்கவை

மாவட்ட அளவில் சுற்றுலாக் கையேடு தொகுப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். இடங்களைத் தெரிவு செய்யும் அளவைகளை நூலின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். எந்த ஆண்டு, எந்தத் திங்களில் நேரில் பார்த்து எழுதப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். வழக்கமான இடங்களோடு, பாதுகாப்பும் அணுகுவசதியும் உள்ள புதிய இடங்கள் சிலவற்றை ஒவ்வொரு பதிப்பிலும் சேர்த்தால் நெருக்கம் குறைந்து வருவாய் பரவும். அணுகுவசதி இல்லாத சிறந்த இடங்களைத் தனிப்பட்டியலாகத் தொகுத்தால், அதுவே சாலைக்கும் குடிநீருக்கும் அடுத்த திட்டத்தின் முன்மொழிவாக அமையும். நட்சத்திரம் பெறாத விடுதிகளைப் புறக்கணியாது, தூய்மை, பாதுகாப்பு, கட்டணம் ஆகிய மூன்றையேனும் நேரில் ஆய்ந்து பதிவு செய்தல் வேண்டும். நம் நாட்டுப் பயணிகளுள் பெரும்பாலோர் தங்குவது அத்தகைய இடங்களிலேயே.

தரக்குறி என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணங்கள் உடன் வழங்கப்படுதல் முறை. காரணம் கூறப்பட்ட தரக்குறியைப் பயணி தன் தேவைக்கேற்பப் பயன்கொள்வான். குறைந்த தரம் பெற்ற விடுதியார் எதைத் திருத்த வேண்டும் என அறிவார். விடுபட்ட ஊரார் எதனைக் கேட்க வேண்டும் என உணர்வர். காரணம் கூறப்படாத நட்சத்திரமோ விளம்பரத்தினின்று வேறுபடுவதில்லை.