யார் குரலைக் கேட்கலாம்?

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம். அங்கே பூதிகோட்டே என்று ஒரு கிராமம். 2001-இல் அங்கே 'நம்ம த்வனி' தொடங்கியது. கன்னடத்தில் இதற்கு 'நம் குரல்' என்று பொருள். பெங்களூரில் இயங்கிய 'வாய்சஸ்' என்ற அமைப்பு இதற்கு உதவியது. ஊர்ப் பெண்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். கேபிள் வழியாக அவை வீடுகளில் ஒலித்தன.

நாமும் வானொலியில் கதை சொல்லலாம். அதற்கு முன் நல்ல ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழக வேண்டும். யார் குரலைக் கேட்பது? நடிகர் குரல் இனிமைதான். ஆனால், "நமக்கு இது வருமா?" என்ற பயம் வரும். நம்மைப் போன்ற ஒருவர் பேசியதைக் கேளுங்கள். "என்னாலும் முடியும்" என்ற துணிவு பிறக்கும்.

பாடத்திற்கு ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள்:

1. ஐந்து நிமிடத்திற்குள் முடிகிறதா?
2. பேச்சு வழக்கில் இருக்கிறதா?
3. குழாயடி, சந்தை போன்ற இடம் ஓசையிலேயே தெரிகிறதா?
4. "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றுகிறதா?

பதிவை இரண்டு முறை போடுங்கள். முதல் முறை கதையைக் கேளுங்கள். அடுத்த முறை, அவர் எங்கே நிறுத்திப் பேசினார் என்று கவனியுங்கள்.

பயிற்சி: உங்கள் தெருவில் தண்ணீர் வராத ஒரு நாளைப் பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள்.

எழுதப் படிக்கக் கற்றோம். இனி நம் குரலும் ஊருக்குக் கேட்கட்டும்.